ஒரு மைக்ரோலிட்டரில் பிசகுவது கையா, பிப்பெட்டா?

துளிமாணவி (கேள்வி)

வணக்கம். நான் மூலக்கூற்று உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி. மரபணு வெளிப்பாட்டை அளப்பதற்காக நிகழ்நேர பி.சி.ஆர். (டி.என்.ஏ.யைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி, பெருகப் பெருக அளக்கும் முறை) செய்து வருகிறேன். ஒரு வினைக்கு மொத்தம் 20 மைக்ரோலிட்டர். அதில் 19 மைக்ரோலிட்டர், பிரைமர்கள் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) உட்பட எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்து வைத்த மாஸ்டர் மிக்ஸ். மீதமுள்ள 1 மைக்ரோலிட்டர்தான் டெம்ப்ளேட், அதாவது பெருக்க வேண்டிய சி-டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.யிலிருந்து படியெடுத்த டி.என்.ஏ.). ஒவ்வொரு மாதிரியையும் மூன்று குழிகளில் இடுகிறேன். மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் எடுக்கிறேன் என்பதால் மூன்றும் ஏறக்குறைய ஒரே சுழற்சி எண்ணை (அளவு குறித்த வரம்பைத் தாண்டும் சுழற்சி) காட்ட வேண்டும். ஆனால் நேற்றைய ஒரு மாதிரிக்கு வந்தவை 24.1, 24.3, 24.8. இது ஒரு நாள் கதையன்று. மூன்று மாதமாக இப்படித்தான்.

நியமக் கோட்டுக்காக (நீர்த்தலுக்கு எதிரே சுழற்சி எண்ணைக் குறித்து வரையும் கோடு) ஐந்து படிகளில் பத்து பத்து மடங்காக நீர்க்கச் செய்கிறேன். ஒவ்வொரு படியிலும் 2 மைக்ரோலிட்டரை 18 மைக்ரோலிட்டர் நீரில் சேர்க்கிறேன். கோட்டின் சாய்வு −3.7 என்று வருகிறது. அதாவது வினைத்திறன் 86 சதவீதம் (ஒவ்வொரு சுழற்சியிலும் முழுதாக இரட்டித்தால் 100). 90க்கும் 110க்கும் இடையில் வராவிட்டால் எந்த ஆய்விதழும் ஏற்காது என்கிறார் என் நெறியாளர். "கை நிலையாக இல்லை" என்பது அவருடைய தீர்ப்பு. எனக்கோ பிப்பெட்டின் மீதுதான் சந்தேகம். அது 0.5 முதல் 10 மைக்ரோலிட்டர் வரை எடுக்கும் பிப்பெட். எங்கள் ஆய்வகத்தில் நான் சேர்வதற்கு வெகு முன்பே வாங்கியது. ஆனால் ஆறு மாதத்திற்கு முன் வெளியே அனுப்பி அளவுத்திருத்தம் செய்து வந்த சான்றிதழில் 10, 5, 1 ஆகிய மூன்று அளவுகளிலும் "தேர்ச்சி" என்றே இருக்கிறது. 1 மைக்ரோலிட்டரில் சராசரி 0.97 என்று குறித்திருக்கிறார்கள்.

பிழை கையில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்பதை எங்களிடம் உள்ள பொருள்களைக் கொண்டே பிரித்தறிய வழி உண்டா? எங்களிடம் இருப்பது நான்கு தசம இடம் காட்டும் தராசு மட்டும். ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் உண்டு.

எடைத்தட்டு

நான் அளவுத்திருத்தப் பணியில் இருப்பவன். உங்கள் சான்றிதழில் உள்ள "தேர்ச்சி" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பெரும்பாலான குழப்பம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

பிஸ்டன் வகைப் பிப்பெட்டுகளுக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 8655. அதன் 2002ஆம் ஆண்டுப் பதிப்பின் அட்டவணைப்படி, அதிகபட்சம் 10 மைக்ரோலிட்டர் எடுக்கும் பிப்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட முறையான பிழை (சராசரி விலகுவது) 0.12 மைக்ரோலிட்டர், ஒழுங்கற்ற பிழை (முறைக்கு முறை சிதறுவது) 0.08 மைக்ரோலிட்டர். 10 மைக்ரோலிட்டரில் இவை 1.2, 0.8 சதவீதம்தான், எவருக்கும் திருப்தி தரும் எண்கள். ஆனால் அந்த 0.12உம் 0.08உம் பிப்பெட்டின் எந்த அளவுக்கும் அப்படியே பொருந்தும். அளவைக் குறைத்து 1 மைக்ரோலிட்டரில் வைத்தால் அதே பிழை 12 சதவீதமாகவும் 8 சதவீதமாகவும் ஆகிவிடுகிறது. ஆக, 1 மைக்ரோலிட்டர் கேட்டு 0.88 தருகிற பிப்பெட்டும் அந்த அட்டவணைப்படி தேர்ச்சி பெறும். தரநிலை 2022இல் திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் சான்றிதழ் எந்தப் பதிப்பை ஒட்டியது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். 24.1, 24.3, 24.8 ஆகியவற்றின் திட்ட விலக்கம் 0.36. ஒரு சுழற்சிக்கு டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது என்று கொண்டால், இது டெம்ப்ளேட்டின் அளவில் ஏறத்தாழ 25 சதவீத மாறுபாட்டுக்குச் சமம். பிப்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட 8 சதவீதம் முழுவதையும் அது பயன்படுத்திக்கொண்டாலும் சுழற்சி எண்ணில் 0.12 அளவுக்கே சிதறல் வர வேண்டும். 0.12க்கும் 0.36க்கும் இடையிலுள்ள இடைவெளிக்கு வேறு காரணம் இருக்கிறது. நெறியாளர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது எடை. 1 மைக்ரோலிட்டர் நீர் ஏறத்தாழ 1 மில்லிகிராம். உங்கள் தராசின் கடைசி இலக்கமே 0.1 மில்லிகிராம் என்பதால், ஒற்றைத் துளியை நிறுப்பது வீண் வேலை. தரநிலையும் இந்த அளவுகளுக்கு ஆறு தசம இடத் தராசையே கேட்கிறது. ஆனால் சராசரியை மட்டும் அறிய ஒரு குறுக்கு வழி உண்டு. மூடியுள்ள சிறு குழாய் ஒன்றில் கொஞ்சம் நீர் வைத்து நிறுத்துக்கொண்டு, அதில் 1 மைக்ரோலிட்டரை 50 முறை சேர்த்து மறுபடி நிறுங்கள். பிறகு அதே நேரம், அதே எண்ணிக்கையில் மூடியைத் திறந்து மூடுங்கள். ஆனால் எதையும் சேர்க்க வேண்டாம். அதில் குறையும் எடைதான் ஆவியாகிப் போனது. அதை முன்னதோடு கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தத்தை, அறையும் நீரும் 25 பாகை செல்சியஸில் இருந்தால், 1.0040 ஆல் பெருக்குங்கள். நீரின் அடர்த்தியையும் காற்றின் மிதப்பையும் சேர்த்துத் திருத்தும் எண் அது. வருவதை 50 ஆல் வகுத்தால் ஒரு முறைக்கான சராசரி கிடைக்கும். சிதறலை இது காட்டாது.

சிதறலைப் பார்க்க நிறமி வேண்டும். டார்ட்ராசின் என்னும் மஞ்சள் உணவு நிறமியின் செறிந்த கரைசல் ஒன்றைத் தயாரியுங்கள். 1 மில்லிலிட்டர் நீரில் 1 மைக்ரோலிட்டர் நிறமியைக் கலந்து 427 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால் 0.4க்கும் 0.8க்கும் இடையில் வர வேண்டும். செறிவை அப்படிச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒப்பிடுவதற்காக, அதே நிறமியில் 100 மைக்ரோலிட்டரைப் பெரிய பிப்பெட்டால் எடுத்து 100 மில்லிலிட்டர் ஸ்டாண்டர்ட் பிளாஸ்கில் நிரப்பி வையுங்கள். அதுவும் ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆனால் அங்கே பிழை ஒரு சதவீதத்தைத் தாண்டாது. பிறகு பத்துக் குழாய்களில் நீங்கள் இடுங்கள். கை தேர்ந்த ஒருவர் அதே பிப்பெட்டால் பத்து இடட்டும். அடுத்து இருவரும் வேறொரு பிப்பெட்டால் பத்துப் பத்து. இருவர், இரு பிப்பெட்டுகள், நான்கு வரிசை எண்கள். ஆளோடு நகர்வது எது, கருவியோடு நகர்வது எது என்று எண்களே சொல்லிவிடும்.

பழைய லேப் ஆள்

மருத்துவ ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நுட்பநராக இருந்து ஓய்வு பெற்றவன். பி.சி.ஆர். எனக்குத் தெரியாதம்மா, ஆனால் சிறு அளவுகளை எடுப்பது தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஹீமோகுளோபின் பார்க்க சாலி பிப்பெட் என்று ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது. அதில் ஒரே ஒரு கோடு, 20 மைக்ரோலிட்டருக்கு. ரப்பர் குழாயை வாயில் வைத்து இரத்தத்தை அந்தக் கோடு வரை உறிஞ்சி, 5 மில்லிலிட்டர் டிராப்கின் கரைசலில் விட வேண்டும். 251இல் ஒரு பங்காக நீர்க்கும். என் முதல் வாரத்தில் நான் பார்த்த முடிவுகள் எல்லாம் மூத்தவர் பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன. அவர் என் கையைப் பார்க்கவில்லை. குழலின் வெளிப்பக்கத்தைப் பார்த்தார். வெளிச்சுவரில் மெல்லிய செம்படலம் ஒட்டியிருந்தது. அந்தப் படலம் 1 மைக்ரோலிட்டர்தான் என்று வைத்துக்கொண்டாலும் 20க்கு அது 5 சதவீதம். 12 கிராம் உள்ளவருக்கு 12.6 என்று எழுதிக் கொடுத்திருப்பேன். உலர்ந்த பஞ்சால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைக்க வேண்டும், பஞ்சு நுனித் துவாரத்தைத் தொட்டால் உள்ளிருக்கும் இரத்தத்தையும் இழுத்துவிடும் என்று அன்று கற்றுக்கொண்டது இன்றும் விரலில் இருக்கிறது.

உங்கள் அளவுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டிப்பின் (பிப்பெட்டின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் முனை) வெளியே 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோளமாக ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டால் அதன் கன அளவு 0.26 மைக்ரோலிட்டர். கண்ணுக்குக் கடுகைவிடச் சிறியதாகத் தெரியும். உங்கள் டெம்ப்ளேட்டில் கால் பங்கு அது. எடைத்தட்டு ஐயா சொன்ன 25 சதவீதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

ஆகவே நான் பார்க்கச் சொல்பவை இவை. குழாயில் டிப்பை எவ்வளவு ஆழம் விடுகிறீர்கள்? இந்த அளவுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் போதும். அடியைத் தொடும் வரை விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெளிச்சுவரிலும் ஒரு மாதிரியைச் சேர்த்தே எடுத்து வருகிறார்கள். பிளஞ்சரை (கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான்) முதல் நிறுத்தம் வரை அழுத்திய பிறகே திரவத்துக்குள் போக வேண்டும். பிப்பெட் நேர் செங்குத்தாக இருக்கட்டும். கட்டைவிரலை மெல்ல விட்ட பிறகு, ஒரு நொடி அங்கேயே நிறுத்துங்கள். திரவம் ஏறி முடிக்க அந்த நொடி வேண்டும். வெளியே எடுக்கும்போது குழாயின் உட்சுவரில் டிப்பை லேசாகத் தொட்டு இழுத்தால் வெளிச்சொட்டு அங்கேயே நின்றுவிடும். பிறகு டிப்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, சில மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்தத் திரவத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். எத்தனை அவசரம் இருந்தாலும் பாருங்கள். நுனியில் காற்று இடைவெளி தெரிந்தாலோ வெளியே பளபளப்புத் தெரிந்தாலோ அந்த டிப்பை எறிந்துவிட்டு மறுபடி எடுங்கள்.

புதிய டிப்பை முதலில் மூன்று முறை அதே திரவத்தால் நனைத்துக்கொள்வதும் நல்லது. உலர்ந்த டிப்பின் உள்ளே இருக்கும் காற்றில் திரவம் ஆவியாகும். அந்த ஆவி இடத்தை அடைத்துக்கொள்வதால் முதல் முறை எடுப்பது கொஞ்சம் குறையும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கையில் பிடித்திருக்கும் இந்தக் கருவியின் மூதாதை 1957இல் ஜெர்மனியின் மார்புர்க் நகரில், ஹைன்ரிச் ஷ்னிட்கர் என்பவர் கையில் உருவானது. வாயால் உறிஞ்சும் வேலை பிடிக்காமல்தான் சுருள்வில் பொருத்திய பிஸ்டனையும், காற்று மெத்தையையும், கழற்றி எறியக்கூடிய பிளாஸ்டிக் டிப்பையும் ஒன்றாகக் கோத்தார். எங்கள் ஆய்வகத்துக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. வந்த அன்று, இனி வாயில் இரத்தம் போகாது என்பதே எங்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது; துல்லியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கரைப்பான்காரன்

குரோமட்டோகிராபி செய்பவன். இந்த இழையைப் பின்னால் படிக்க வருபவர்களுக்காக ஒரு குறிப்பு: மேலே சொன்னவை எல்லாம் நீரைப் போன்ற திரவங்களுக்குத்தான். குளோரோபார்மையோ அசிட்டோனையோ இதே பிப்பெட்டால் எடுத்தால், பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் இடையிலுள்ள காற்றில் ஆவி நிறைந்துகொண்டே போய், நீங்கள் எதையும் அழுத்தாமலேயே நுனியில் சொட்டத் தொடங்கிவிடும். அங்கே பிஸ்டனே திரவத்தைத் தொடும் வகைப் பிப்பெட்டோ கண்ணாடிச் சிரிஞ்சோதான் உதவும். கிளிசராலுக்கும் அப்படியே, 50 சதவீதக் கிளிசராலில் வரும் நொதிகளைச் சாதாரணப் பிப்பெட்டால் எடுப்பவர்கள் மேற்பரப்பை மட்டும் தொட்டு, மிக மெதுவாக எடுக்க வேண்டும்.

துளிமாணவி

எல்லோருக்கும் நன்றி. நிறமிச் சோதனையை இரண்டு நாள் எடுத்துக்கொண்டு செய்து முடித்தேன். இரண்டாவது பிப்பெட்டைப் பக்கத்து ஆய்வகத்தில் கடனாக வாங்கினேன். டிப் எல்லாவற்றுக்கும் எங்கள் பையிலிருந்தே எடுத்தேன்.

மாறுபாட்டுக் கெழு (சராசரியின் சதவீதமாகச் சிதறல்), என் கையில் எங்கள் பிப்பெட்டுக்கு 14 சதவீதம், கடன் பிப்பெட்டுக்கு 13 சதவீதம். எங்கள் ஆய்வகத்து அக்கா ஒருவர் செய்தபோது எங்கள் பிப்பெட்டுக்கு 6, கடன் பிப்பெட்டுக்கு 4. ஆக, சிதறல் என்னோடுதான் நகர்கிறது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் சராசரியைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. எங்கள் பிப்பெட் என் கையிலும் அக்கா கையிலும் 0.91 என்றே தந்தது. கடன் பிப்பெட் இருவருக்கும் 0.98 தந்தது. நம்ப முடியாமல் எடைச் சோதனையையும் செய்தேன். 50 முறைக்கு 43.2 மில்லிகிராம், ஆவியானது 2.1, கூட்டி 1.0040 ஆல் பெருக்கினால் 45.5, வகுத்தால் அதே 0.91. நெறியாளரிடம் காட்டினேன். "அப்படியென்றால் நாம் இருவருமே சரி" என்றார்.

பிறகு பழைய லேப் ஆள் ஐயா சொன்னபடி, என்னை நானே கவனித்துக்கொண்டு இட்டேன். டிப்பை நான் உண்மையிலேயே குழாயின் அடி வரை விட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சள் நிறமி என்பதால் வெளிச்சுவரில் ஒட்டியிருந்தது தெளிவாகத் தெரிந்தது, நிறமற்ற சி-டி.என்.ஏ.யில் இத்தனை நாளும் அது என் கண்ணில் படவே இல்லை. ஆழத்தைக் குறைத்து, ஒரு நொடி நிறுத்தி, சுவரில் தொட்டு எடுத்தபோது என் மாறுபாடு 14இலிருந்து 7 ஆக இறங்கியது.

அதற்கு மேல் இறங்கவில்லை. 7 சதவீதத்தோடு வாழ வேண்டியதுதானா? சாய்வு −3.7 ஆக இருப்பதற்கும் இதுதான் காரணமா?

நானோசொட்டு

வாழ வேண்டியதில்லை. இதுவரை வந்த பதில்கள் எல்லாம் 1 மைக்ரோலிட்டரை எப்படிச் சரியாக எடுப்பது என்று சொல்கின்றன. நான் கேட்பது, அதை ஏன் எடுக்கிறீர்கள் என்பதுதான்.

உங்கள் சி-டி.என்.ஏ.யை முதலில் நீரில் ஐந்து மடங்கு நீர்க்கச் செய்துவிட்டு, குழிக்கு 5 மைக்ரோலிட்டர் இடுங்கள். மாஸ்டர் மிக்ஸில் அந்த அளவுக்கு நீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ளேட்டின் மொத்த அளவு மாறாது. ஆனால் அதே பிப்பெட்டின் அதே 0.08 மைக்ரோலிட்டர், 5க்கு 1.6 சதவீதம்தான், சுழற்சி எண்ணில் 0.02. வெளியே ஒரு சொட்டு ஒட்டினாலும் முன்பு 26 சதவீதமாக இருந்தது 5 சதவீதமாகச் சுருங்கும். பயிற்சியால் பாதியாகக் குறைத்தீர்கள், பாராட்டுகிறேன். ஆனால் கணக்கை மாற்றி ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்க ஒரு மாலைப் பொழுது போதும். எங்கள் ஆய்வகத்தில் 2 மைக்ரோலிட்டருக்குக் கீழே எதையும் குழியில் நேரடியாக இடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். விதிவிலக்கு கேட்டு வருபவர்களிடம், மூலக் கரைசலை ஏன் இவ்வளவு செறிவாக வைத்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

சாய்வைப் பற்றி: நூறு சதவீத வினைத்திறனுக்குச் சாய்வு −3.32. பத்து மடங்கு நீர்த்தது என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு படியிலும் உண்மையில் 13 மடங்கு நீர்த்திருந்தால், 13இன் மடக்கை 1.114, அதை 3.32 ஆல் பெருக்கினால் மிகச் சரியாக 3.70 வருகிறது. 18 மைக்ரோலிட்டர் நீரில் 2 மைக்ரோலிட்டருக்குப் பதில் 1.5 மட்டும் போனால் 13 மடங்காகிவிடும். ஆனால் உங்கள் பிப்பெட்டின் குறைவு 0.09தான், அது மட்டும் இவ்வளவு இழுக்காது. ஒவ்வொரு படியிலும் நன்றாகக் கலக்காமல் அடுத்த படிக்குப் போயிருக்கலாம். மிக நீர்த்த டி.என்.ஏ. குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு கடைசிப் படிகளை இன்னும் நீர்க்கச் செய்திருக்கலாம். அல்லது பிரைமர்களே மந்தமாக இருக்கலாம். அப்படியென்றால் எந்தப் பிப்பெட்டும் உதவாது. பிரித்தறிய, 20 மைக்ரோலிட்டரை 180இல் சேர்த்து, ஒவ்வொரு படியையும் வோர்டெக்ஸில் கலக்கி, சுழற்றி இறக்கி, படிக்கொரு புது டிப் வைத்து ஒரே ஒரு முறை மறுபடி செய்யுங்கள். சாய்வு நிமிர்ந்தால் பிழை உங்கள் நீர்த்தலில் இருந்தது. அதே −3.7 என்றால் பிரைமரை மாற்றுங்கள். மாதிரியில் வினையைத் தடுக்கும் பொருள் ஏதாவது இருந்தால் சாய்வு எதிர்த்திசையில், −3.1ஐ நோக்கித் தட்டையாகும். ஆகவே அது உங்கள் சிக்கல் இல்லை.

பழைய லேப் ஆள் ஐயா சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. முன்நனைப்பது அறை வெப்பநிலையில் உள்ள திரவத்துக்கு நல்லது. ஐஸில் வைத்த குழாயிலிருந்து நேராக எடுக்கும்போது, ஒவ்வொரு நனைப்பும் டிப்பின் உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்வித்துச் சுருக்குவதால், அளவு ஒரே இடத்தில் நிற்காமல் நகரும். ஒன்று, மாதிரியைச் சில நிமிடங்கள் வெளியே வைத்துவிட்டு முன்நனையுங்கள். அல்லது ஐஸிலிருந்தே எடுத்து, முன்நனைக்காமல், குழிக்குக் குழி புது டிப் போடுங்கள். நான் இரண்டாவதைச் செய்கிறேன்.

இடும்போது டிப்பின் நுனி குழியிலுள்ள கலவையைத் தொட வேண்டும். காற்றில் தொங்கவிட்டு 1 மைக்ரோலிட்டரை உதற முடியாது. மேற்பரப்பு இழுவிசை அதைக் கீழே விழ விடாது. உலர்ந்த குழியின் சுவரில் முதலில் டெம்ப்ளேட்டை வைத்துவிட்டுப் பிறகு மிக்ஸ் ஊற்றுபவர்களும் உண்டு. குளிரூட்டிய அறையில் திறந்து கிடக்கும் ஒரு மைக்ரோலிட்டர் சில நிமிடங்களில் வற்றத் தொடங்கிவிடும் என்பதால் 96 குழித் தட்டில் முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் வேறுபாடு வந்துவிடும்.

பெரிய மருந்தாய்வு நிறுவனங்களில் 2.5 நானோலிட்டர் துளிகளை ஒலியலையால் எழுப்பி, மேலே கவிழ்த்து வைத்த தட்டில் ஒட்ட வைக்கும் கருவிகள் இருக்கின்றன. அதில் டிப்பே கிடையாது; ஆகவே டிப்பின் வெளிச்சுவரும் கிடையாது. நமக்கு அது வாய்க்கும் வரை நீர்க்கச் செய்வதுதான் வழி.

எடைத்தட்டு

எல்லோரும் சிதறலைப் பற்றியே பேசுகிறோம்; என்னை உறுத்துவது அந்த 0.91தான். அதுவும் அட்டவணைப்படி தேர்ச்சிக்குள் வரும் எண்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் சான்றிதழில் அதே பிப்பெட்டுக்கு 0.97 என்று இருக்கிறது. ஆறு மாதத்தில் பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு கேள்வி: அளவுத்திருத்தம் செய்தவர்கள் எந்த டிப்பைப் போட்டுச் சோதித்தார்கள் என்று சான்றிதழில் குறித்திருக்கிறதா? உங்கள் பையில் இருப்பதும் அதே டிப்பா? டிப் கூம்பில் இறுக்கமாக உட்காராவிட்டால் அந்த விளிம்பு வழியே காற்று கசியும். பிஸ்டன் நகர்ந்த அளவுக்குத் திரவம் ஏறாது. சோதிக்க எளிய வழி, 10 மைக்ரோலிட்டர் நீரை எடுத்துக்கொண்டு பிப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்து 20 நொடி காத்திருப்பது. நுனியில் சொட்டு தலைகாட்டினால் எங்கோ கசிகிறது. டிப்பை மாற்றியும் சொட்டினால் சீல். மாற்றியதும் நின்றால் டிப்.

துளிமாணவி

சான்றிதழின் இரண்டாம் பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், பிப்பெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த டிப்பையே பயன்படுத்தியதாகக் குறித்திருக்கிறார்கள். எங்கள் பையில் இருப்பது விலை குறைவு என்று மொத்தமாக வாங்கிய வேறு டிப். அதைப் போட்டு 20 நொடி பிடித்தபோது, பதினைந்து நொடிக்குள் நுனியில் மெல்லிய சொட்டு ஒன்று உருண்டு நின்றது. பக்கத்து ஆய்வகத்தில் நிறுவனத்தின் டிப் ஒரு பெட்டி வாங்கி வந்து போட்டேன், சொட்டவில்லை. நிறமிச் சோதனையில் சராசரி 0.97. கடன் பிப்பெட்டின் கூம்பு கொஞ்சம் தடிமனாக இருப்பதால் எங்கள் பையிலுள்ள டிப் அதில் மட்டும் இறுகப் பொருந்தியிருக்கிறது.

ஐந்து மடங்கு நீர்த்த சி-டி.என்.ஏ.யில் 5 மைக்ரோலிட்டர் இட்டு, நேற்று முழுத் தட்டு ஒன்றை ஓட்டினேன். முன்பு 24.1, 24.3, 24.8 காட்டிய அதே மாதிரி இப்போது 24.3, 24.4, 24.4. நியமக் கோட்டை 20க்கு 180 என்று மாற்றியதில் சாய்வு −3.36, வினைத்திறன் 98 சதவீதம். பிரைமரை மாற்ற வேண்டியதில்லை.

மிச்சமிருக்கும் இரண்டு பை டிப்பை என்ன செய்வது என்று ஆய்வகக் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஜெல்லில் மாதிரி ஏற்ற மட்டும் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்து, பையின் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிட்டேன்.